மருந்து என்னும் சொல்லும் நஞ்சு என்னும் பொருளும்



ஆசிரியப் பெருமக்களும் மாணவச் செல்வங்களும் நிறைந்திருக்கும் இவ்வரங்கில், மொழிக்கென அமைந்த இப்பொழிவு வரிசையில், இரசாயனத் தொழிலின் பாதுகாப்பைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கிறோம். இலக்கணமும் இலக்கியமும் ஆராயப்பெறும் மேடைக்கு அமிலமும் களைக்கொல்லியும் எப்படி வந்து சேர்ந்தன என்று சிலர் வியக்கலாம். ஒரு பொருள் உயிரைக் கொல்லும் தன்மையது என்று கண்டறிவது வேதியியலாரின் வேலை. அதைக் கையில் எடுக்கப்போகும் ஒருவருக்கு, எடுப்பதற்கு முன்பே, அவருக்கு விளங்கும் சொல்லில் அதைச் சொல்லிவிடுவது மொழியின் வேலை. முதல் வேலை பெரும்பாலும் ஒழுங்காக நடந்திருக்கிறது. இரண்டாவது வேலை நம் மாநிலத்தில் எவ்வாறு நடந்தது, அதில் தமிழுக்கு என்ன பங்கு இருந்தது என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

பேராக் மாநிலத்தில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய ஒரு தொழில், நம் முன்னோரைக் கடல் கடந்து இங்கே கொண்டுவந்தது. ரப்பர் என்றதும் மரமும் கத்தியும் மங்கும் வாளியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது தொடக்கம் முதலே இரசாயனங்களோடு பிணைந்த தொழில் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பால் உறைவதற்குப் பார்மிக் அமிலம் ஊற்றினார்கள். உறையாமல் நெடுந்தூரம் கொண்டுபோவதற்கு அம்மோனியா கலந்தார்கள். மர வரிசைகளுக்கு இடையே முளைக்கும் லாலான் புல்லை அழிப்பதற்குச் சோடியம் ஆர்சனைட் என்னும் கடும் நஞ்சைத் தெளித்தார்கள். ஆர்சனைட் மிகவும் ஆபத்தானது என்பதனால் அதற்கு மாற்றாக 1960களில் வந்து சேர்ந்ததுதான் பாராகுவாட். ஆபத்தைக் குறைப்பதற்காக வந்த அந்தப் பொருளுக்கு இன்றளவும் மாற்று மருந்து கிடையாது. செறிவான கரைசலில் ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரல் சிறிது சிறிதாக இறுகி மனிதர் மாண்டுபோவார்.

அந்தப் பாராகுவாட்டைத் தோட்டத்துத் தமிழர் என்ன சொல்லி அழைத்தார்கள்? 'புல் மருந்து' என்றார்கள். அதைத் தெளிக்கும் வேலைக்கு 'மருந்தடிக்கிற வேலை' என்று பெயர். பூச்சிக்குத் தெளித்தால் பூச்சி மருந்து. எலிக்கு வைத்தால் எலி மருந்து. இவற்றை அருந்தி உயிரை மாய்த்துக்கொண்டவரைப் பற்றிப் பேசும்போதும் 'மருந்து குடித்துவிட்டார்' என்றே சொன்னார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறோம்.

இந்த வழக்குத் தோட்டத்தார் அறியாமையால் பிறந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தமிழில் மருந்து என்னும் சொல்லின் பொருள் மிகவும் விரிந்தது. நோய் தீர்ப்பது மட்டும் மருந்தாக இருந்ததில்லை. பாறையைப் பிளப்பது வெடிமருந்து. ஒருவர் மனத்தை மயக்க உணவில் கலப்பதாகச் சொல்லப்படுவது இடுமருந்து. சிறிதளவே இருந்து பெரிய விளைவைத் தருவது எதுவோ அது மருந்து என்பதே பழைய கருத்தாக இருந்திருக்க வேண்டும். கிரேக்கரும் 'பார்மக்கோன்' என்னும் ஒரே சொல்லால் மருந்தையும் நஞ்சையும் குறித்தார்கள். இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. தலைவலி மருந்து என்றால் தலைவலிக்கு மருந்து. பூச்சி மருந்து என்றால் பூச்சிக்கு மருந்து. இரண்டும் நான்காம் வேற்றுமைத் தொகைகள். நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் சொல்லும் பொருள்களுள் பகையும் ஒன்று என்பதை ஆசிரியர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே இலக்கணப்படி இந்தத் தொடரில் பிழையில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. மருந்து என்னும் சொல்லின் பழைய விரிவு சுருங்கி, மருத்துவமனையில் தருவதே மருந்து என்னும் பொருள் இக்காலத்தில் மேலோங்கிவிட்டது. சொல்லின் பொருள் மாறிய பிறகும் புல் மருந்து என்னும் பெயர் மட்டும் மாறவில்லை. மருந்தைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. மருந்து கையில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். மருந்துப் போத்தலைப் பரணில் வைக்கலாம். மருந்து மணக்கும் துணியோடு குழந்தையைத் தூக்கலாம். அந்தச் சொல்லுக்குள் அபாயத்தின் சாயலே இல்லை.

இங்கே நம் அண்டை வீட்டு மொழியைச் சற்றுக் கவனிப்போம். மலாய்மொழியில் களைக்கொல்லி 'ராச்சுன் ரும்பாய்'. பூச்சிக்கொல்லி 'ராச்சுன் செராங்கா'. அதைத் தெளிக்கும் வேலையையே 'மெராச்சுன்' என்கிறார்கள். ராச்சுன் என்றால் நஞ்சு. ஒரே தோட்டத்தில், ஒரே வரிசையில், ஒரே பொருளை முதுகில் சுமந்த இருவரில் ஒருவர் தாம் நஞ்சு தெளிப்பதாகச் சொல்லிக்கொண்டார். மற்றவர் மருந்து தெளிப்பதாகச் சொல்லிக்கொண்டார். இதனால் மலாய்த் தொழிலாளர் நோயின்றி வாழ்ந்தார் என்று நாம் கூற வரவில்லை. சொல் ஒருபோதும் கையுறை ஆகிவிடாது. ஆயினும் ஒரு மொழி தன் பேச்சாளருக்கு நாள்தோறும் ஒரு சிறு எச்சரிக்கையைத் தந்துகொண்டிருந்தது. நம் மொழி அதைத் தரவில்லை. மருத்துவமனையின் அவசரப் பிரிவில், 'மருந்து குடித்துவிட்டார்' என்று பதறும் ஒரு தாயின் சொல்லை யாரேனும் 'உபாட்' என்று மொழிபெயர்த்துவிட்டால், மருத்துவர் மாத்திரையைத் தேடத் தொடங்குவார். பாராகுவாட் உள்ளே போனவருக்கு அந்தச் சில நிமிடங்கள் விலைமதிப்பற்றவை.

களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்னும் நல்ல தமிழ்ச் சொற்கள் நம்மிடம் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, நூல்களில் நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் களைக்கொல்லி என்னும் சொல் களைக்கு விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கிறதேயன்றி, அதைத் தெளிப்பவருக்கு விடுக்கும் எச்சரிக்கையாக இல்லை. அது களையைக் கொல்லும் என்று சொல்கிறது. உன்னையும் கொல்லும் என்று சொல்லவில்லை. 'புல் விஷம்' என்றால் சொல்லும். தூய தமிழில் 'புல் நஞ்சு' என்போமே என்று இவ்வவையில் ஒருவராவது எண்ணுவார். நமக்கும் நஞ்சு என்னும் சொல் உவப்பானதே. இருந்தாலும் கலனின் முகப்பில் எழுதுவதற்கு எது ஏற்றது என்று கேட்டால், அறுபது வயதுப் பாட்டி எந்தச் சொல்லைக் கேட்டதும் கையைப் பின்னிழுத்துக்கொள்வாரோ அந்தச் சொல்லே ஏற்றது என்போம். தனித்தமிழைக் காப்பதற்கு வேறு ஆயிரம் இடங்கள் உண்டு.

இனி, தோட்டத்தில் எச்சரிக்கை எவ்வழியில் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்போம். அதிகாலையில் பெரட்டுக்கு ஆள் கூடும். அங்கேதான் அன்றைய வேலை பிரிக்கப்படும். கலனின் மேல் ஒட்டிய தாள் ஆங்கிலத்தில் இருக்கும், நிர்வாகத்தார் படிப்பர், கிராணிக்குச் சொல்வர், கிராணி மண்டோருக்குச் சொல்வார், மண்டோர் தொழிலாளருக்குச் சொல்வார். ஒவ்வொரு படியிலும் சிறிது உதிர்ந்துபோகும். எத்தனைக்கு எத்தனை தண்ணீர் கலப்பது என்னும் அளவு மட்டும் உதிராமல் கடைசிவரை வந்துவிடும், ஏனெனில் அது வேலைக்கு வேண்டியது. கண்ணில் பட்டால் என்ன செய்வது, காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கலாமா, சோறு உண்ணும்முன் எங்கே கை கழுவுவது என்பவையே வழியில் காணாமற்போகும். தெளிப்பவருக்கோ அந்தத் தாளைப் பார்க்கும் வாய்ப்பே அரிது. ஸ்டோரில் பெரிய கலனிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து முதுகுப் பம்புக்கும் ஊற்றப்பட்ட பொருளுடன் எந்தத் தாளும் வருவதில்லை. எச்சரிக்கை ஸ்டோரிலேயே தங்கிவிட, நஞ்சு மட்டும் வெளிக்காட்டுக்குப் போனது.

இன்னொரு கொடுமையும் நேர்ந்தது. பாராகுவாட் முதலில் பழுப்பு நிறத்தில் இருந்தது. கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றிவைத்தார்கள். தாகத்தோடு வந்த பிள்ளைக்கு அது பானமாகத் தெரிந்தது. பல நாடுகளில் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்த பிறகு, உற்பத்தியாளர் அதில் நீலச் சாயத்தையும் துர்நாற்றம் தரும் பொருளையும் வாந்தி வரவழைக்கும் பொருளையும் சேர்த்தார்கள். இதை நாம் ஒரு மொழிச் செயலாகவே கருதுகிறோம். தாள் தொலைந்துபோனாலும் பொருளே பேசும்படி செய்தார்கள். எழுத்தறியாதவரும் நிறத்தைப் படிப்பார். இருளில் இருப்பவரும் நாற்றத்தைப் படிப்பார். அபாயத்தைச் சொல்வது என்பது எழுத்தோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

மருந்தடித்த பெண்களின் நிலையை நாடறியச் செய்த முயற்சிகளுள் தெனாகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு முதன்மையானது. அந்நூலின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொல்வதானால் 'நஞ்சூட்டப்பட்டும் வாயடைக்கப்பட்டும்' எனலாம். தலைப்பின் இரண்டாம் பாதியை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். அபாயத்தைச் சொல்லும் பாதை ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது. மேலிருந்து எச்சரிக்கை வருவதைப்போலவே, 'எனக்குத் தலை சுற்றுகிறது, நகம் உதிர்கிறது, மூக்கில் குருதி வருகிறது' என்னும் சொல் கீழிருந்து மேலே போய்ச் சேர வேண்டும். அந்தச் சொல்லைத் தமிழில் கேட்பதற்குத் தோட்டத்து மருத்துவமனைகளில் எத்தனை பேர் இருந்தார்கள்? அதே 2002இல் அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை நடப்புக்கு வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளிலும் பம்புகள் முதுகில் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வருவோம். இங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே, லாஹாட்டை அடுத்த புக்கிட் மேராவில், இம்மாநிலம் என்றும் மறக்கக் கூடாத ஒரு வழக்கின் களம் இருக்கிறது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த பிறகு எஞ்சும் கனிம மணலை அமாங் என்பார்கள். அதில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கும் பிறவற்றுக்கும் வேண்டிய அருமண் தனிமங்கள் மோனசைட்டில் இருக்கின்றன. கூடவே தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமமும் இருக்கிறது. மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனம் பங்குகொண்ட ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இங்கே இயங்கத் தொடங்கியது. வேண்டியதைப் பிரித்தெடுத்த பிறகு தோரியம் கலந்த கழிவு மிஞ்சியது. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அத்துணை நெடுங்காலத்துக்கு எந்த மொழியில் எச்சரிக்கை எழுதி வைப்பது என்பதே ஒரு தனிக் கேள்வி.

மக்களுக்கு முதலில் தெரிந்ததெல்லாம் புகையும் கெட்ட நாற்றமும்தான். கழிவைப் புதைக்க முதலில் பாரிட்டிலும் பின்னர் பாப்பானிலும் இடம் பார்த்தார்கள். தங்கள் ஊருக்கருகே வெட்டப்படும் குழிகள் எதற்கு என்பதைப் பாப்பான் மக்கள் பிறகுதான் அறிந்துகொண்டார்கள். 1984இல் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்த்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சடாவோ இச்சிகாவா என்னும் ஜப்பானிய மரபியல் அறிஞர் வந்து அளந்து பார்த்து, ஆலையின் சுற்றுப்புறத்தில் கதிர்வீச்சு அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதாகச் சொன்னார். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா வட்டாரத்தைச் சேர்ந்த எண்மர் ஈப்போ உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். அவர்களுக்காக வாதிட்ட வழக்கறிஞர்களில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் மீனாட்சி இராமனும் ஒருவர். 1985 அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. உரிமம் பெற்று ஆலை மீண்டும் இயங்கியது. 1987இல் முழு விசாரணை தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில், ஒப்பராசி லாலாங் கைது நடவடிக்கையின்போது, இவ்வழக்கோடு தொடர்புடைய சிலரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டார்கள். மீனாட்சி இராமனும் அவர்களில் ஒருவர். 1992 ஜூலையில் நீதிபதி பே சுவீ சின் ஆலையை மூட ஆணையிட்டார். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994 ஜனவரியில் நிறுவனம் தானாகவே ஆலையை மூடுவதாக அறிவித்தது. பின்னர் நடந்த துப்புரவுப் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2011இல் எழுதியது. கழிவு இன்று கிளேடாங் மலைத்தொடரில் புதைந்து கிடக்கிறது.

ஆலையால் நோய் வந்ததா என்பது நீதிமன்றத்தில் இரு தரப்பு அறிஞர்களும் கடுமையாக மோதிக்கொண்ட கேள்வி. குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு விடை தோன்றியது, நிறுவனம் அதை ஏற்கவில்லை. அந்த விவாதத்தை இம்மேடையில் நாம் தீர்க்க இயலாது. நாம் கேட்பது அதற்கு முந்திய எளிய கேள்வி. ஆலை எழும்பும்போது, குழி வெட்டும்போது, ஊராரிடம் அவர்களுக்கு விளங்கும் மொழியில் யார் என்ன சொன்னார்கள்? சொல்லியிருந்தால் பத்தாண்டு வழக்கும் பெருஞ்செலவும் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. அறிவிப்பதால் மக்கள் அஞ்சிவிடுவார்கள் என்று நிருவாகங்கள் கருதுகின்றன. அறிவிக்காமல் விட்டதனால் பிறந்த அச்சம் இங்கே ஒரு தலைமுறைக்கு நீடித்தது.

இச்சிகாவா பேராக்குக்கு வந்த அதே டிசம்பரில்தான் இந்தியாவின் போபாலில் அந்த இரவு விடிந்தது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் மீத்தைல் ஐசோசயனேட் வளி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து வெளியேறி, முதல் சில நாள்களிலேயே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அந்த ஆலையின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்கு வேலை செய்த பலருக்கு அம்மொழி சரிவர வராது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்றின் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள் என்னும் ஒரு வாக்கியம் ஊராருக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்பதன்று, பலர் பிழைத்திருப்பார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இப்போது எங்கே நிற்கிறது? 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளருக்குத் தகவலும் பயிற்சியும் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. இரசாயனங்களை வகைப்படுத்துவது, முகப்புச்சீட்டு ஒட்டுவது, பாதுகாப்புத் தரவுத்தாள் தருவது ஆகியவை பற்றிய விதிமுறைகள் 2013 அக்டோபரில் நடப்புக்கு வந்தன. ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட உலகளாவிய ஒருங்கிணைந்த முறையைத் தழுவியவை அவை. செவ்விளிம்பு கொண்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம், 'பஹாயா' அல்லது 'அமாரான்' என்னும் ஒரு சொல், கீழே எச்சரிக்கை வாக்கியங்கள் என்று முகப்புச்சீட்டு அமையும். தரவுத்தாளோ பதினாறு பகுதிகள் கொண்டது. இவை தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும். 2024 ஜூன் முதல் நடப்பிலிருக்கும் திருத்தம் ஒன்று, உடனடி ஆபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையையும் தொழிலாளருக்குத் தந்திருக்கிறது. ஆபத்து இன்னதென்று விளங்கியவரே அந்த உரிமையைப் பயன்படுத்த முடியும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மின்நிலைய வேலிகளிலும் தடைசெய்யப்பட்ட அரசு வளாகங்களின் வாயில்களிலும் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் அறிவிப்பு வைத்திருப்பதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். துப்பாக்கி ஏந்திய காவலர் படமும் உடன் இருக்கும். உள்ளே வராதே என்று சொல்வதற்கு நான்கு மொழி வேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் அறிவாளிகள். ஒருவருக்கு விளங்காமற்போனாலும் காவல் கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே அறிவை வேலிக்கு உள்ளே இருக்கும் பீப்பாய்க்கும் காட்டலாம்.

ஆனால் முகப்புச்சீட்டில் தமிழ் வேண்டும் என்று கோருவதோடு நம் கடமை முடிந்துவிடும் என்று நாம் கருதவில்லை. நம் இளைஞர் மலாய்மொழியை நன்றாகவே படிக்கிறார்கள். அவர்களுக்குச் சீட்டு விளங்கும். சிக்கல், படித்ததை வீட்டிலும் உடன் வேலை செய்யும் மூத்தவரிடமும் எடுத்துச் சொல்லும்போது எழுகிறது. அங்கே பேச்சு தமிழில் நடக்கிறது; அந்தத் தமிழுக்குச் சொற்கள் பஞ்சமாக இருக்கின்றன, அல்லது தவறான சொற்கள் இருக்கின்றன. தமிழில் அச்சாகும் எச்சரிக்கைகளும் பல வேளைகளில் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவையாகவே அமைகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. அடர் அமிலம் தோலையும் உலோகத்தையும் தின்றுவிடும். இந்தத் தன்மையை நம் கலைச்சொல்லாளர் 'அரிப்புத் தன்மை' என்று எழுதுகிறார்கள். மண்ணரிப்பு என்பதில் அச்சொல் பொருத்தமானதே. 'தோலில் அரிப்பை ஏற்படுத்தும்' என்று ஒரு கலனில் எழுதினால் படிப்பவர் என்ன எண்ணுவார்? சொறிந்துகொண்டால் போகும் என்று எண்ணுவார். 'தோல் வெந்து போகும்' என்று எழுதினால் தள்ளி நிற்பார். 'எரிச்சலூட்டும்' என்பதும் அப்படியே. பாதிப் பேருக்கு அது மனநிலையைக் குறிக்கும் சொல். பள்ளியில் நாம் காரம் என்று படிக்கும் பொருள் சமையலறையில் மிளகாயின் சுவை. காஸ்டிக் சோடாவை வலிமிகு காரம் என்று விளக்கினால் கேட்பவர் நாக்கைத்தான் நினைப்பார், கண்ணை நினைக்கமாட்டார். ஆங்கிலமும் இத்தகைய இடறலுக்கு விலக்கன்று. 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றும் என்று பொருள். முன்னொட்டைப் பார்த்துத் தீப்பற்றாதது என்று கொண்டுவிடுவார்களோ என்று அஞ்சி, 'ஃப்ளேமபிள்' என்று சொல்லையே சுருக்கிக்கொண்டார்கள். ஓர் உயிருக்காகச் சொல்லை மாற்றுவதில் இழிவொன்றும் இல்லை.

சொல்லைவிட வாக்கிய அமைப்பு இன்னும் நுட்பமானது. தமிழில் வினைமுற்று இறுதியில் வரும்; எதிர்மறையும் அதனோடு இறுதியிலேயே வரும். 'காலியான கலனைக் கழுவிக் குடிநீர் பிடித்து வைப்பதற்குப் பயன்படுத்துதல் கூடாது' என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். கடைசிச் சொல் கிழிந்துபோனாலோ, படிப்பவர் பாதியில் நிறுத்தினாலோ, கிடைப்பது தடை அன்று, செய்முறை விளக்கம். மலாயிலும் ஆங்கிலத்திலும் மறுப்பு முதலிலேயே வந்துவிடுகிறது. அவற்றைப் பெயர்க்கும்போது நாம் நீண்ட வாக்கியம் எழுதினால் எச்சரிக்கையைக் கடைசிவரை ஒளித்துவைத்தவர்கள் ஆகிறோம். 'காலிக் கலனில் தண்ணீர் பிடிக்காதீர். விஷம் ஒட்டியிருக்கும்.' இவ்வளவு போதும். 'தகுந்த பாதுகாப்பு உபகரணங்களை அணிதல் அவசியம்' என்பதைக் காட்டிலும் 'ரப்பர்க் கையுறை போடுங்கள், கண்ணாடி போடுங்கள்' என்பது மேலானது. 'அபாயம்' என்றும் 'எச்சரிக்கை' என்றும் இரு படிநிலைச் சொற்களை 'பஹாயா', 'அமாரான்' ஆகியவற்றுக்கு நேராக நிலைநிறுத்தி, இடத்துக்கு இடம் ஆபத்து, கவனம், இடர் என்று மாற்றாமல் வைத்துக்கொள்வதும் தேவை. கவிதைக்கு ஒரே சொல் திரும்ப வருவது குற்றமாகலாம். கலனுக்கு அது குணம்.

இந்த வேலையை யார் செய்வது? ஆசிரியர்களை நோக்கியே நம் கண்கள் போகின்றன. 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பித்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பயின்றவர்கள் இன்று ஆலைகளில் மேற்பார்வையாளர்களாக இருக்கிறார்கள்; அவர்களில் பலருக்கு அபாயத்தைத் தமிழில் சொல்லும் சொற்கள் கைவசம் இல்லை. மற்ற ஆண்டுகளிலும் தமிழில் அறிவியல் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே அந்த ஆறு ஆண்டுகளுக்குள் கற்பது வாழ்நாள் முழுவதற்கும் போதியதாக இருக்க வேண்டும். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவினால் முதலில் மூச்சுத்திணறியவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆலையை ஒருநாளும் மிதித்திராத பிள்ளைகள் அவர்கள். நம் வீட்டுக் குளியலறையிலும் இதே வேதியியல் இருக்கிறது. குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானையும் அமிலம் கலந்த கழிவறைக் கழுவியையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வளி எழும். மூடிய அறையில் அது மூச்சை அடைக்கும். இரண்டும் தனித்தனியே துப்புரவுப் பொருள்கள், சேர்ந்தால் விஷம். இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு மாணவரும் இன்றிரவே தம் வீட்டில் தமிழில் சொல்லிவிடலாம்.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகள் ஈப்போ, தைப்பிங், கமுண்டிங் வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அவற்றுள் கையுறை செய்யும் ஆலைகளும் உண்டு. பாட்டி வெட்டிய அதே பால் அங்கே அம்மோனியா மணத்தோடு வந்து சேர்கிறது; கையுறையின் பிசுபிசுப்பைப் போக்கப் பல இடங்களில் குளோரின் பயன்படுத்துகிறார்கள். அந்த வரிசையில் இன்று நம்மவர் பக்கத்தில் நேப்பாளத்தவரும் வங்காளதேசத்தவரும் மியன்மார்க்காரரும் நிற்கிறார்கள். மலாயும் ஆங்கிலமும் மட்டுமே பேசும் சீட்டின் முன்னால் அவர்கள் நிற்கும் நிலை, அரை நூற்றாண்டுக்கு முன் நம் பாட்டிமார் நின்ற நிலைதான். நேப்பாளியில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கும் முதல் குரல் தமிழர் குரலாக இருந்தால் அது முற்றிலும் பொருத்தம்.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு வேலை தர விரும்புகிறோம். இந்த வாரத்தில் உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டுத் தோட்டக் கொட்டகையிலோ உள்ள ஒரு கலனை, கையுறை அணிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு, திறக்காமல் பாருங்கள். அதில் உள்ள படத்தையும், மலாய் எச்சரிக்கைச் சொல்லையும், வீட்டார் அப்பொருளை அழைக்கும் பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வரிகளை உங்கள் பாட்டிக்கு விளங்கும் தமிழில், ஒரு வரிக்கு ஐந்து சொல்லுக்கு மிகாமல் எழுதுங்கள். எழுதியதைப் பாட்டியிடம் படித்துக் காட்டி, அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று கேட்டு அதையும் கீழே எழுதுங்கள். அடுத்த பொழிவுக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். அவற்றை வைத்துக்கொண்டு நம் சொற்பட்டியலைத் தொடங்குவோம்.